தூதும் துட்டும்

எறையூருக்குச் சீனத்தைப் பற்றிப் பிரசங்கிக்க எந்த வித்வான் எழுந்தருளினாலும், கன்பூசியஸில் தொடங்கி, மாவோவில் மூச்சு வாங்கி, 2019-இல் மாமல்லபுரத்தில் ஷி ஜின்பிங் இளநீர் அருந்திய வைபவத்தோடு மங்களம் பாடிவிடுவார் என்று சபையோர் நிச்சயமாய் நம்பலாம். 1077-இல் சோங் அரசவைக்குப் போன எழுபத்திரண்டு சோழத் தூதர்கள், காணிக்கை என்ற பெயரில் சரக்கை இறக்கிவிட்டு, பதிலுக்குச் செப்புக்காசுகளைச் சரஞ்சரமாய்ப் பெற்றுக்கொண்ட சாமர்த்தியத்தை மட்டும், ‘புராதன நட்புறவு’ என்று கண்ணியமாகப் போர்த்திவிடுவார். அன்றைய சோழர் தலைநகரமோ பக்கத்து ஜில்லாவின் கங்கைகொண்டசோழபுரம். அங்கே மாளிகைமேட்டு அகழ்வில் சீனப் பீங்கான் ஓடுகளே கிடைத்திருக்கின்றன. ஆனால் பீஜிங்குக்கு விமானச் சீட்டு எதிர்பார்க்கும் மகானுபாவரை ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறச் சொல்வது அபசாரமல்லவா?