ஐப்பசிச் சுரைக்காயின் போக்குவரத்து: ஒரு கொல்லைப்புற ஆய்வு

ஏட்டுச் சுரைக்காயைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு பேசியாயிற்று. கொல்லைச் சுரைக்காயை எவரும் முறையாக ஆராயவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம்: ஆலங்குடிப் பக்கம் ஒரு தெரு, ஒன்பது வீடுகள், நான்கு பந்தல்கள்.

முதலில் காலம். மேல்நாட்டார் இலையுதிர்காலத்தில் காய் பறித்துச் சேமிக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் வேம்பு இலை உதிர்ப்பதோ மாசி வாக்கில். அப்போது பறிக்கக் கொல்லையில் ஒன்றும் இராது. ஆடிப்பட்டத்தில் ஊன்றிய விதை ஐப்பசியில்தான் பந்தல் நிறையக் காய்க்கும். பழைய உரைகாரர் கணக்கில் அது கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் அப்போதே. சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது: காய் மிஞ்சும்போது வெயில் இல்லை, வற்றல் போட வெயில் கொளுத்தும் சித்திரையில் காய் இல்லை.

பூசணிக்கு இக்கவலை கிடையாது. காம்போடு அறுத்து, தோல் கீறாமல் உறியில் வைத்தால் பொங்கல் தாண்டியும் கிடக்கும்; சாம்பல் பூசணி தன்மேல் தானே மெழுகு பூசிக்கொண்டு பிறக்கிறது. பீர்க்கை முற்றினால் முதுகு தேய்க்கும் நாராகும். புடலையை விட்டுவிடுகிறேன், கல்லைக் கட்டித் தொங்கவிட்டும் எங்கள் வீட்டில் அது நேராக வளரவில்லை.

சுரைதான் விசித்திரம். நகம் இறங்கினால் கறிக்கு, இறங்காவிட்டால் குடுக்கை. அந்தக் குடுக்கையில் அடுத்த ஆடிக்கான விதையைச் சாம்பலில் புரட்டிப் போட்டு வைப்பார்கள். சேமிக்க வேண்டிய பண்டமே சேமிக்கும் பாத்திரமாகிவிடுவது வேறெந்தக் காய்க்கும் வாய்க்காத நிலை. ஆனால் பிஞ்சை என்ன செய்வது? ஃபிரிட்ஜில் படுக்க வைத்தால் கதவு மூடாது.

அப்பத்தாவின் விடை: “அடுத்த வீட்ல குடுத்துட்டு வாடா.” இதை நான் வெகுகாலம் தருமம் என்று எண்ணியிருந்தேன். கொடுத்த மறுநாள் அதே பாத்திரத்தில் கத்தரிக்காயும், அதற்கு மறுநாள் அகத்திக்கீரையும் வந்தபோதுதான் இது ஒரு கிடங்கு முறை என்று பிடிபட்டது. எலியும் பூஞ்சையும் எட்டாத கிடங்கு. வெறும் பாத்திரம் திரும்பி வரக்கூடாது என்பது மட்டுமே அதன் சட்டம்.

கருதுகோளைச் சோதிக்க, ஒரு சுரைக்காயின் காம்படியில் நகத்தால் பெருக்கல் குறி கீறி, திங்கட்கிழமை மேலவீட்டு அத்தாச்சியிடம் கொடுத்தேன். வியாழனன்று அது கீழக்கோடி வீட்டிலிருந்து எங்களிடமே வந்து சேர்ந்தது. சற்றே வதங்கியிருந்தது. “இளசு, கூட்டு வச்சா நல்லாருக்கும்” என்ற பரிந்துரையும் கூடவே வந்தது. எத்தனை வீடு ஏறி இறங்கியது என்று கணக்கிடக் குறியைத் தேடினேன்.

குறி இருந்தது. அதன் பக்கத்தில், சற்றுச் சிறியதாக, நான் போடாத ஒரு வட்டமும் இருந்தது.