மேற்குச் சென்னையில் உணவுவேளைப் பெயரீடு: ஒரு முதற்கட்ட ஆய்வு

ஒரு நாளை அறுபது நாழிகையாக்கி, பத்துப் பத்தாய் ஆறு சிறுபொழுதாகப் பகுத்தனர் முன்னோர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அந்தக் கணக்கு செல்லாது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தபின் இங்கே பெரும்பொழுதுகள் மூன்று: ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட். ஜெனரல் ஷிப்ட், துணைப்பொழுது. பூந்தமல்லியில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் வரும் நேரமே விடியல் எனக் கொள்க.

விதி 1: வேளைக்குப் பெயர் வைப்பது சூரியன் அல்ல, கிரைண்டர். அரிசி அரைபட்டால் டிபன். முழுசாக வெந்தால் சாப்பாடு. இரவு பத்தே முக்காலுக்கு பி ஷிப்ட் முடிந்து வந்து ஆறு தோசையை உள்ளே தள்ளியவர், "நைட்டு சாப்பாடெல்லாம் இல்லீங்க, டிபன்தான்" என்று விரதம் காத்தவர்போலச் சொல்வது இதனால்தான்.

மறுப்பும் விளக்கமும்: வெண்பொங்கல் முழு அரிசியாயிற்றே எனலாம். குழைந்துவிட்டதால் அரைபட்டதாகவே கொள்க. உப்புமா, ரவை மில்லிலேயே உடைபட்டதால் டிபனே. உண்பவர் ஒப்புதல் தேவையில்லை.

விதி 2: ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இரு வேளைகள் நிகழலாம். காலை ஏழு மணி. நைட் ஷிப்ட் முடித்த மகனுக்குச் சோறும் சாம்பாரும், சாப்பிட்டால் தூக்கம். ஜெனரல் ஷிப்டுக்குக் கிளம்பும் அப்பாவுக்கு இட்லி. அதற்கும் அதே சாம்பார். ஒருவர் நாளை முடிக்க, மற்றவர் தொடங்குகிறார்.

விதி 3: தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணியாவது இடைவேளை விடவேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம். 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீனும் வைக்கும்படி மாநில அரசு விதிக்கலாம் என்றது. நாலரைக்கு எழுந்து மூன்று ஷிப்டுக்கும் டப்பா கட்டும் அம்மாவுக்கு இரண்டும் இல்லை. எப்போது கேட்டாலும், "நீங்க சாப்டுங்க, நான் அப்புறம் சாப்டுக்கறேன்" என்பார். அந்த 'அப்புறம்' எத்தனை மணிக்கு வருகிறது என்பதை அவ்வீட்டார் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முடிவு: இவ்வட்டாரத்தில் டிபன், சாப்பாடு, அப்புறம் என உணவுவேளைகள் மூன்று. மூன்றாவதை ஒழிப்பது எளிது. இன்றிரவு அம்மாவை உட்காரவைத்து, தோசையை நீங்கள் ஊற்றுங்கள்.