பத்துக் கால்களும் ஒரு கல்யாணமும்

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் நாங்கள் இருவர் மட்டும் போய்க் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். ஆளில்லாத பாலைவனத்துக்கு அனுமதி எதற்கு?

பதில்: இருவரோடு யூட்டா சட்டம் விடாது. நடத்திவைக்க ஒருவர், 18 வயது நிரம்பிய சாட்சிகள் இருவர் வேண்டும். ஆக, பத்துக் கால்கள். அங்கே ஆபத்தே கால்களால்தான். பாறைகளுக்கிடையே கறுத்துச் சொரசொரப்பாகத் தெரியும் மண்ணின் மேலோடு உயிருள்ளது. சயனோபாக்டீரியாவும் லைக்கனும் பாசியும் மணலைப் பிணைத்துக் காற்று அள்ளிப்போகாமல் காக்கின்றன, நைட்ரஜனையும் சேர்க்கின்றன. ஒரு மிதியில் நொறுங்குவது தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒரு ஜோடியால் என்ன கெட்டுவிடும் என்பீர்கள். உங்கள் தடத்தைப் பார்த்து அடுத்த ஜோடி வரும்; தடம் பாதையாகிவிடும். எங்கே, எத்தனை பேர் என்று முன்பே தெரிந்தால்தான் பூங்காக்காரர்கள் உங்களை வெறும் பாறைத் தளத்துக்கு அனுப்ப முடியும். அனுமதி காதலுக்குத் தடையல்ல, அந்த மண்ணுக்குக் காவல். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் போங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், அரிசியோ பூவிதழோ தூவாதீர்கள், ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.