நல்ல நேரம்: மாலை 5 முதல் 8 வரை

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு தினசரி நாள்காட்டி தொங்குகிறது. சிராங்கூன் சாலையில் வாங்கியது. காலையில் தாள் கிழிக்கும் உரிமை என் மனைவிக்கு. ராகு காலம், எமகண்டம் பார்த்து என்னை எச்சரிக்கும் பொறுப்பும் அவளுக்கே. அந்தத் தாளில் அச்சாகாத ஒரு நல்ல நேரம் சிங்கப்பூரில் உண்டென்று எனக்குக் காட்டிக்கொடுத்தவன் என் மன்னார்குடி நண்பன். மாலை 5 முதல் 8 வரை. பெயர் ஹேப்பி ஹவர்.

“மூணு மணி நேரம் இருக்கு, அப்புறம் எதுக்குடா ஹவர்னு பேரு?” என்றேன்.

“மாப்ள, இப்படியெல்லாம் கணக்குப் பாத்தா நிம்மதியா குடிக்க முடியாது” என்றான். கணக்கைத் தவிர வேறெதையும் அவன் பார்த்து நான் கண்டதில்லை.

போட் கீயில் ஆற்றைப் பார்த்தபடி வரிசையாகக் கடைகள். வாசலில் கரும்பலகை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், 16 வெள்ளி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. ஊரிலிருந்து வந்த புதிதில் அதைத் தரச் சான்றிதழ் என்றே நினைத்திருந்தேன். முதல் கூட்டல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது 9 விழுக்காடு ஜிஎஸ்டி. அது பீருக்கு மட்டுமில்லை, பீரைக் கொண்டுவந்து வைத்த சேவைக்கும் சேர்த்து. ஆக 16 வெள்ளி, மேசையிலிருந்து எழும்போது 19 வெள்ளி 18 காசு ஆகியிருக்கும்.

இத்தனைக்கும் அந்தக் கோப்பையில் மதுத் தீர்வை எவ்வளவு என்று நண்பன் ஒருநாள் காகிதக் கைக்குட்டையில் போட்டுக் காட்டினான். பீரில் உள்ள சுத்த ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 60 வெள்ளி. அரை லிட்டர் பீர், 5 விழுக்காடு என்றால் ஒன்றரை வெள்ளி. “மிச்சமெல்லாம் ஆத்துக் காத்துக்குடா” என்றான். பாமணி ஆற்றங்கரையில் அவ்வளவு காலம் அந்தக் காற்றை நாங்கள் சும்மா வாங்கியிருக்கிறோம்.

ஹேப்பி ஹவர் என்ற பேச்சு பரவியது அமெரிக்கக் கடற்படையில். 1913-இல் ஆர்கன்சா என்ற போர்க்கப்பலில் மாலுமிகளுக்குப் பொழுது போக வேண்டுமென்று குத்துச்சண்டை, மல்யுத்தம், சினிமா என்று நடத்தி அதற்கு இந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே கடற்படைக் கப்பல்களில் மது அறவே கூடாதென்று உத்தரவு வந்துவிட்டது. சண்டை உண்டு, சரக்கு கிடையாது. எங்கள் வீட்டில் இன்றும் அந்த மரபுதான். பின்னால் தரைக்கு வந்து மதுக்கடை விற்பனைத் தந்திரமாக மாறிய இந்தச் சலுகையை மாசசூசெட்ஸ் மாநிலம் 1984-இல் தடை செய்தது. கின்னஸ் பிறந்த அயர்லாந்தே 2003-இல் சட்டம் போட்டு நிறுத்தியது. இந்தத் தகவலை நான் வீட்டில் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பூன் லேயில் வேலை முடிந்து, எம்ஆர்டியில் நின்றுகொண்டே ராஃபிள்ஸ் பிளேஸ் வந்து, ஓட்டமும் நடையுமாகக் கடைக்குள் நுழைந்தபோது 7.20. நண்பன் வரவில்லை. ஒன்று சொன்னேன். இரண்டு வந்தன.

“இன்னொண்ண அவன் வந்ததும் குடும்மா.”

“முடியாதுண்ணே. ஒன்-ஃபார்-ஒன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் வரும் லா.” ஈப்போப் பெண். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

தனியாக ஒருவன் முன்னால் இரண்டு கோப்பைகள் இருப்பது எப்படியிருக்கும் தெரியுமா? போகிற வருகிறவர்கள் எல்லாம் காதல் தோல்வியா என்பதுபோலப் பார்த்தார்கள். முதலாவதை நான் குடித்து முடிப்பதற்குள் இரண்டாவது சிங்கப்பூர் வெக்கையில் நுரை அடங்கி, நிறம் மங்கி உட்கார்ந்திருந்தது. 7.50-க்கு நண்பன் வந்தான். ஒரு வாய் வைத்துவிட்டு, “என்னடா, கஷாயம் வாங்கி வச்சிருக்க?” என்று என் பக்கம் தள்ளினான். மணியைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. நல்ல நேரம் முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது முகூர்த்த வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பறப்பாரே, அந்தப் பறப்பு. 7.58-க்கு இரண்டு சுற்றை ஒன்றாகச் சொன்னான். மேசையில் நான்கு கோப்பை, என் முன்னால் கஷாயம். பேச நேரமில்லை. சூடாவதற்குள் குடிக்க வேண்டும். மகிழ்ச்சியாக இருந்தோமா என்று கேட்டால், மும்முரமாக இருந்தோம்.

8.02-க்கு அவனுக்கு இன்னொரு சுற்று ஆசை வந்தது.

“மிஷின் மாறிருச்சுண்ணே. நான் மனசு வச்சாலும் அது வைக்காது.”

“என் வாட்ச்ல இன்னும் 7.59தான்மா.”

அவன் கைக்கடிகாரம் மூன்று நிமிடம் தாமதமாக ஓடுவது தற்செயல் என்று இன்னமும் சாதிக்கிறான்.

வயிறு கேட்டதால் நடுவில் கோழி இறக்கை 18, உருளை வறுவல் 12. சாப்பாட்டுக்கு நல்ல நேரம் கிடையாது, எந்நேரமும் முழு விலை. பீர் 48. கூட்டல் இரண்டையும் கூட்டி 93 வெள்ளி 52 காசு. வரும்போது ஆளுக்கு ஒன்று குடித்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் திட்டம். எங்கள் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் 633 மில்லி பெரிய பாட்டிலை ஐஸோடு ஓர் ஆன்ட்டி கொண்டுவந்து வைப்பார். கூட்டல் குறி கிடையாது. பத்து வெள்ளித் தாளை நீட்டினால் சில்லறையும் வரும். அதைச் சொன்னேன்.

“அங்க என்ன மிச்சம் பிடிப்ப நீ?” என்றான் கோபமாக. மறுபடியும் காகிதக் கைக்குட்டை. “இங்க மூணு கிளாஸ் சும்மா. பிளஸ் பிளஸ் சேத்து 57 வெள்ளி 55 காசு. ஆளுக்கு 28 வெள்ளி 78 காசு லாபம்!” எம்ஆர்டியில் வரும்போது யோசிக்க யோசிக்க அது எனக்கு நியாயமாகவே பட்டது.

போன மாதம்தான், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசமென்று மூன்று ஷாம்பு தூக்கிவந்த மனைவிக்கு, வாங்காமல் இருந்தால் முழுசும் மிச்சம் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்திருந்தேன். அது கதவைத் திறக்கும்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

“எவ்வளவு ஆச்சு?”

“ஆனத விடு. இன்னைக்கு 28 வெள்ளி 78 காசு மிச்சம் பிடிச்சிருக்கேன்.”

“அப்படியா!” என்று முகமெல்லாம் மலர, வலது கையை நீட்டினாள். “எங்க, குடுங்க.”