முதல் ரீலிலேயே செத்த கதாநாயகன்

படம் ஆரம்பித்த சூட்டோடு சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். அவருடைய 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கோர்ட் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு, கலவைப் பக்கத்து ரசிகன் ஒருவன் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தால், அவனுக்குக் கிடைத்தது பிணம். பாட்டு, டான்ஸ், சண்டை, மூன்றும் கிடையாது. "இன்னாபா, ஒரு பாட்டுகூட இல்லியா?" என்று அவன் எழுந்து போயிருந்தால் தப்பே இல்லை. 1954இல் பாட்டில்லாத தமிழ்ப் படம் என்றால் பிரியாணி போடாத ஆம்பூர்க் கல்யாணம்.

இந்த அக்கிரமத்தைச் செய்தவர் யார் தெரியுமா? வீணை வித்வான் எஸ். பாலசந்தர்! குரோசாவாவின் ஜப்பானியப் படம் 'ராஷோமோன்' அவரை அப்படிப் பிடித்து ஆட்டியிருக்கிறது. கதையை முதலில் நாடகமாக எழுதி அகில இந்திய வானொலிக்குத் தந்தார், வேண்டாம் என்றார்கள். ரேடியோ என்ஜினியர் ஒருவன் ஜப்பான்காரனுக்கு ரகசியம் விற்கிற கதையை ரேடியோக்காரர்கள் வேறு என்ன செய்வார்கள்? தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பன் அதைப் படமாக்கத் துணிந்தார். அதுதான் 'அந்த நாள்'.

கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயம். ஊரே குண்டுக்குப் பயந்து கிடக்க, அந்த ரேடியோ என்ஜினியர் ராஜன் (சிவாஜி) வீட்டில் மட்டும் துப்பாக்கி வெடிக்கிறது. சி.ஐ.டி. சிவானந்தம் விசாரிக்க வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர் ராஜனின் உடன்பிறப்பைக் கை காட்டுகிறார். அந்த உத்தமன் தயங்காமல் தாலி கட்டின பெண்டாட்டியையே காட்டிக்கொடுக்கிறான்! பாகப்பிரிவினை பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் இதில் ஜப்பான் சாயல் தெரியாது. சிவானந்தமாக நடித்த ஜாவர் சீதாராமன்தான் வசனமும் எழுதினார். எதிராளியை மடக்கும் கேள்வியெல்லாம் அவர் வாயிலேயே விழுவதில் ஆச்சரியமில்லை.

கல்லா நிறையவில்லை. தேசிய விருதிலும் தகுதிச் சான்றிதழ்தான். வெள்ளிப் பதக்கத்தை எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ளன்' பாட்டும் சண்டையுமாக வந்து அள்ளிப்போனான்.

ஆனால் 'அந்த நாள்' இன்றும் ஓடுகிறது. கொலையாளி யாரென்று தெரிந்தவர்களும் திரும்பப் பார்க்கிறார்கள். மாருதி ராவின் கேமராவில் பாதி முகம் இருட்டில் கிடக்க, ஆளாளுக்குச் சொல்லும் கதையில் வேறு வேறு ராஜனாக சிவாஜி வருகிறார். தேசத் துரோகி என்று தெரிந்தும் அவர் பேச ஆரம்பித்தால் நாமே ஜாமீன் கொடுத்துவிடுவோம். பாவம், சிவானந்தத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் வருவதற்குள் ஆள் காலி.