துறைமுகம் தாண்டினால் புகை வராது

பெறுநர்: ஐரோப்பிய ஆணையம், பிரஸ்ஸல்ஸ்.

பொருள்: ஐரோப்பியக் காற்றைச் சுத்தமாக வைத்திருக்க ஆப்பிரிக்க நாடுகள் ஆற்றிவரும் சேவையை அங்கீகரிக்கக் கோருதல் தொடர்பாக.

ஐரோப்பியக் கார்களின் புகைக்குக் கடிவாளம் போட்ட யூரோ 1 விதி 1992-இல் வந்தது. 2005-இல் யூரோ 4, 2014-இல் யூரோ 6 என்று அந்தக் கடிவாளம் இறுகிக்கொண்டே போனது. 2035 முதல் விற்கப்படும் புதுக் கார்களிலிருந்து கரியமில வாயுவே வரக்கூடாது என்று 2023-இல் சட்டமும் இயற்றப்பட்டது. ஜெர்மனி முகம் சுளித்ததும் செயற்கை எரிபொருளுக்கென்று ஒரு சந்து விடப்பட்டதும், 100 சதவீதத்தை 90 ஆக்கலாம் என 2025 டிசம்பரில் ஆணையமே முன்மொழிந்ததும் குடும்ப விவகாரங்கள். அவற்றில் வெளியார் தலையிடுவது முறையல்ல. ஆணையத்தின் மெய்யான சாதனை பழைய கார்களில் இருக்கிறது. துறைமுகம் தாண்டிய கார் புகை விடுவதில்லை. அதாவது, ஐரோப்பாவின் கணக்கேட்டில் விடுவதில்லை.

2015 முதல் 2018 வரை உலக அளவில் 1.4 கோடி பழைய இலகுரக வண்டிகள் நாடு விட்டு நாடு போனதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. ஏற்றுமதியில் முன்னணி வகித்தவை ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், அமெரிக்கா. ஏறக்குறைய 80 சதவீதம் போய்ச் சேர்ந்தது ஏழை நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும். நெதர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து ஆப்பிரிக்கா கிளம்பும் வண்டிகளை அந்நாட்டு ஆய்வுத் துறையே சோதித்தது. பெரும்பாலானவற்றுக்கு 16 முதல் 20 வயது. தரமோ யூரோ 4-க்கும் கீழே. செல்லுபடியாகும் தகுதிச் சான்று பலவற்றுக்கு இல்லை. சொந்த ஊர்ச் சாலையில் ஓட லாயக்கில்லாத வண்டி, கப்பல் ஏறியதும் வளரும் சந்தைக்கான சரக்காகிவிடுகிறது.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் தொழில்நுட்பத்தின் கதை இன்னும் தெளிவாகும். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்றொரு உலோகப் பெட்டி உண்டு. உள்ளே நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் எரியாத எரிபொருள் ஆவியையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது இதுதான். விலையுயர்ந்த உலோகம் என்பதால் பல வண்டிகளில் கப்பல் ஏறுமுன்பே இது அறுத்தெடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்துப் பற்றவைத்துவிட்டால் வேலை முடிந்தது. வண்டி ஓடும், கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு. சுற்றுச்சூழல் தொழில்நுட்பத்தைத் தாயகத்திலேயே பத்திரப்படுத்தும் இந்த முன்யோசனையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

கார் காலியாகப் போவதும் அரிது. பின் இருக்கையிலும் டிக்கியிலும் பழைய ஃபிரிட்ஜும் டிவியும் திணித்து அனுப்புவது வழக்கம். லாகோஸ் துறைமுகங்களில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நைஜீரியாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் பழைய மின்சாதனங்கள் வந்திறங்கின. அவற்றில் பெரும்பகுதி இப்படிக் கார்களின் வயிற்றில் வந்தவை. ஒரே கப்பல் கட்டணத்தில் இரண்டு காயலான் கடைகள் இடம் மாறுகின்றன.

கன்வெர்ட்டர் தப்பிப் பிழைத்தாலும் ஊற்றும் எண்ணெய் அதைக் கெடுத்துவிடும். கந்தகம் இதற்கு எமன். ஐரோப்பாவில் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக்கூடாது. அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கந்தகம் கொண்ட டீசல் மேற்கு ஆப்பிரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் விற்கப்பட்டதை 2016-இல் ஒரு சுவிஸ் தொண்டு நிறுவனம் அம்பலப்படுத்தியது. அந்தக் கலவையில் ஒரு பகுதி ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஆண்ட்வெர்ப் பக்கமே தயாரானது. வண்டியும் எண்ணெயும் ஒரே வட்டாரத்திலிருந்து வருவதால் பொருத்தத்துக்குக் குறைவில்லை.

இதற்கிடையே மலிவான மின்கார் ஒன்று சீனாவிலிருந்து வந்து சேர்ந்தது. 2024 அக்டோபரில் ஆணையம், ஏற்கெனவே உள்ள 10 சதவீத வரியோடு 35.3 சதவீதம் வரை கூடுதல் வரி போட்டது. சீன அரசின் மானியம் போட்டியைக் கெடுக்கிறது என்பது காரணம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மலிவான மின்கார் உள்ளே வந்தால் சந்தைக்கு ஆபத்து, மலிவான புகைக்கார் வெளியே போனால் வணிகம் என்ற இலக்கணத்தை எத்தியோப்பியா போன்ற நாடுகள் இன்னும் சரியாகப் படிக்கவில்லை. 2024-இல் அந்நாடு பெட்ரோல், டீசல் கார்களின் இறக்குமதியையே நிறுத்திவிட்டது. அணை மின்சாரம் கையில் இருக்க, அன்னியச் செலாவணியைப் பெட்ரோலுக்குக் கொட்டுவானேன் என்பது அதன் கணக்கு. மொராக்கோ 5 வயதுக்கு மேற்பட்ட வண்டியை ஏற்பதில்லை. அதனால் அதே ஐரோப்பாவிலிருந்து அங்கே நல்ல வண்டிகள் போகின்றன. நல்ல வண்டிகள் கையிருப்பில் இருப்பது இப்படித்தான் தெரியவந்தது.

ஐரோப்பியச் சாலைகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் வண்டிகள் தடயமின்றி மறைவதாக ஆணையமே ஒப்புக்கொள்கிறது. ஓடத் தகுதியான வண்டிகளை மட்டுமே ஏற்றுமதி செய்ய வேண்டும் என 2023 ஜூலையில் அது முன்மொழிந்தது. அந்த விதி நடைமுறைக்கு வரும்போது துறைமுகந்தோறும் ஓர் ஆளும் ஒரு டார்ச் விளக்கும் நியமிக்கப்பட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை. சான்றிதழைப் பார்ப்பதோடு நில்லாமல் அந்த ஆள் கொஞ்சம் குனியவும் வேண்டும்.

இணைப்பு: கேட்டலிடிக் கன்வெர்ட்டர்கள். (அனுப்ப இயலவில்லை; ஏற்கெனவே ஆணையத்தின் எல்லைக்குள்ளேயே உள்ளன.)