தாயும் நாயும்: மொழிபெயர்ப்புப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

மாட்சிமை பொருந்திய பெரியவர்களே,

நல்லதண்ணியிலிருந்து வணக்கம். தாங்கள் எழுதினால் தல்லநண்ணி.

இராத்திரியில் லயத்து வாசலில் மவுசாகலைப் பக்கமாகத் திரும்பி நின்றால் போனில் இரண்டு கோடு சிக்னல் வரும். அதில் என் மகள் தங்கள் திருப்பணிகளைத் தேடித் தேடிக் காட்டுவாள். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்துக்கு மேலே ‘தா’வை எடுத்துவிட்டு ‘நா’வைப் போட்டீர்களே, அந்தப் படத்தைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தோம். ஓர் எழுத்துத்தானே! இவளை வயிற்றில் வைத்துக்கொண்டு கொழுந்து எடுத்தவள் நான். என்னை எந்த எழுத்தில் எழுதினாலும் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருந்த காலம் அது.

2021இல் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்து மின்நூலகத்துக்கு வைத்த பலகையையும் பார்த்தோம். சிங்களம், சீனம், ஆங்கிலம் இருந்தன. தமிழ் இல்லை. கூச்சல் கிளம்பியதும் கழற்றிவிட்டார்கள். பாவம், அந்தப் பலகையில் தமிழ்ப் பிழை ஒன்றுகூட இல்லை.

மொழிக் குறையை முறையிட ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கிறதாம்: 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு! இவ்வளவு நுட்பமான நகைச்சுவை தமிழ் சினிமாவில்கூட இப்போது வருவதில்லை.

சிரிப்பெல்லாம் போன கிழமை வரைதான். மகளுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். பேசுவோம் ஐயா, கடையில் விலை குறைக்கும் அளவுக்கு நன்றாகவே பேசுவோம். வாசிக்கத்தான் தெரியாது. டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலை ஏற வருகிற வெள்ளைக்காரர்கள் பெயர்ப்பலகையின் முன்னால் போனைப் பிடித்துப் படித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பழகியவள், கடிதத்தின் மேல் போனைப் பிடித்தாள். “மூலத்துடன் நேரில் வரவும்” என்று வந்தது.

“மூல வியாதிக்காரங்களுக்கு மட்டுந்தானா புள்ள வேலை?” என்று கேட்டார் என் மாமியார்.

போன் உளறுகிறது என்று சிரித்துவிட்டு, போட்டோக்கொப்பிகளைக் கவரில் போட்டுக்கொண்டு, விடியுமுன் ஹட்டன் பஸ் ஏறினாள். மூலப் பிரதி இல்லை, போகலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அதையும் சிங்களத்திலேயே சொன்னார்கள்.

1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1999இல் நுவரெலியா மாவட்டத்துப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் போட்டார்கள். அப்படியிருக்க, என் பிள்ளை ஏன் ஐயா ஒரு போனிடம் போய் அர்த்தம் கேட்க வேண்டும்? திரும்பி வரும்போது பஸ்ஸில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். பிழை விட்டது தாங்கள். அலைந்தது நாங்கள். இந்த இடத்தில் மட்டும் ‘தா’வும் ‘நா’வும் ஒருநாளும் மாறுவதில்லை.

கோபிக்க வேண்டாம். தங்கள் புலமைக்கு முன்னால் நான் வெறும் தூசு. அதாவது நூசு.

நேர்முகத்துக்கு இன்னொரு திகதி தாருங்கள். கடிதம் தமிழில் வரட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தி வாசித்துக்கொள்கிறோம். பழகிவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
ஒரு தாய்
(முதலெழுத்தைக் கவனித்து வாசிக்கவும்)